அம்பாசிடர் பிளாட்பாரத்தில் மேடு: தட்டினால் போதுமா, வெட்டணுமா?

மே 4, 2024

வாசகர் ஒருவரின் கேள்வி: "1986 மார்க் 4 அம்பாசிடர், அப்பா ஓட்டிய வண்டி. முன்பக்கம் இடது காலடியில் பிளாட்பாரம், அதாவது காரின் தரைத் தகரம், உள்பக்கமாக மேடு தட்டி நிற்கிறது. காலால் அழுத்தினால் 'டொக்'கென்று இறங்குகிறது, காலை எடுத்தால் மறுபடி எழும்புகிறது. பட்டறையில் காட்டினேன். அந்தப் பக்கம் முழுவதையும் வெட்டிப் புதுத் தகரம் போட்டால்தான் சரிவரும் என்கிறார்கள். வீட்டிலேயே சுத்தியலால் தட்டிச் சரிசெய்ய முடியாதா?"

மே 4, இரவு

முடியும். ஆனால் சுத்தியலை இப்போதைக்குத் தொட வேண்டாம். அந்த மேடு எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள்.

அம்பாசிடர் பிளாட்பாரம் மேடு தட்டுவதற்கு நான் பார்த்தவரை இரண்டு காரணம்தான். ஒன்று, தகரம் நன்றாக இருக்கும்போதே யாரோ ஜாக்கியையோ வாட்டர் சர்வீஸ் லிஃப்ட்டின் கட்டையையோ வெறும் தகரத்துக்கு நேராகக் கொடுத்துத் தூக்கியிருப்பார்கள். இல்லையென்றால் துரு தின்று தகரம் இளைத்துப்போய், சரியான இடத்தில் கொடுத்த ஜாக்கிக்கே வழிவிட்டிருக்கும். முன்னது தட்டுகிற வேலை. பின்னது வெட்டுகிற வேலை. பட்டறையில் இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வெட்டச் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நாள் பூராவும் உட்கார்ந்து தட்டினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, அதற்கு யாரிடம் கூலி கேட்பது?

மேட்டிங்கை (காலடி விரிப்பை) எடுத்துவிட்டு ஒரு போட்டோ போடுங்கள்.

மே 5

போட்டோ பார்த்தேன். மேடு சதுரமாக இருக்கிறது, ஓரங்கள் கூர்மையாக மடிந்திருக்கின்றன. துருவுக்கு இவ்வளவு நேராகக் கோடு போடத் தெரியாது. மரக்கட்டை வைத்துத் தூக்கிய வேலைதான். நல்ல செய்தி.

ஆனால் அதே போட்டோவில் இடது மூலையில், கதவோரம், கறுப்பாக ஒன்று பளபளக்கிறது. அது தாரா, ஈரமா?

மே 7

தார்தானாம். அப்படியானால் அதை எடுத்தே ஆகவேண்டும். சத்தம் குறைய கம்பெனியில் ஒட்டும் தார்ப்பாய் ஒரு வகை. ஓட்டையை மறைக்க முந்தைய ஓனர் உருக்கி ஊற்றிய தார் இன்னொரு வகை. மேலே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தாரை எடுக்க ஹீட் கன்னும் பட்டி போடுகிற தகட்டுக் கரண்டியும் போதும். கேஸ் டார்ச் வேண்டாம். பெட்ரோல் போகும் குழாய் அந்தத் தகரத்துக்கு அடியில்தான் ஓடுகிறது. சூடு பட்டதும் தார் மெழுகு மாதிரி இளகும். அந்தச் சமயத்தில் வழித்து எடுத்துவிட வேண்டும், கொஞ்சம் விட்டால் பிசுபிசுவென்று இழுக்க ஆரம்பிக்கும். கடைசியாக ஒட்டியிருப்பதை மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கலாம், தகரம் ஆறிய பிறகு. ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருக்கட்டும்.

மேட்டிங்குக்கு அடியில் இருக்கும் சணல் ஃபெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், காய வைத்துத் திரும்பப் போடும் யோசனை வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முடிச்சூர் பக்கம் என் வண்டி சீட்டு மட்டம் வரை தண்ணீரில் நின்றது. வெளியே எல்லாம் காய்ந்து, வண்டி ஸ்டார்ட் ஆகி, ஓட்டிக்கொண்டும் இருந்தேன். பொங்கலுக்கு அப்புறம் மேட்டிங்கைத் தூக்கினால் ஃபெல்ட்டைப் பிழியலாம் போல இருந்தது. தண்ணீர் மேலே இருந்து வந்ததா கீழே இருந்து வந்ததா என்றெல்லாம் தகரம் பார்க்காது, ஈரத்துணி போட்டு மூடினால் போதும், வேலையை ஆரம்பித்துவிடும்.

அப்போது ஃபெல்ட்டுக்கு அடியில் காண்டாமிருகம் போட்ட 25 காசு ஒன்று கிடைத்தது. 2011-லேயே செல்லாமல் போன காசு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பதால் ஒரு புள்ளி துரு இல்லை, அது கிடந்த தகரம் மட்டும் வட்டமாக அரித்திருந்தது.

மே 8

இப்போது ஸ்க்ரூ டிரைவர். கூரான பழைய ஒன்று. மேட்டைச் சுற்றியும், கதவோரப் பட்டியை ஒட்டியும், நடுவில் கியர்பாக்ஸ் மேடு ஆரம்பிக்கும் இடத்திலும், முன்பக்கம் கால் நீட்டும் பக்கம் தகரம் சரிந்து மேலே ஏறும் இடத்திலும் குத்திக்கொண்டே போங்கள். பலமாகக் குத்துங்கள். பாவம் பார்த்தால் அது சோதனை ஆகாது. நல்ல தகரம் ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பி அனுப்பும், கையில் அதிர்வு தெரியும். இளைத்த தகரம் முதலில் லேசாகக் குழியும், அடுத்த குத்தில் முனை உள்ளே இறங்கும், வெளியே எடுத்தால் பழுப்புத் தூள் கொட்டும். அப்படி இறங்கிய இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு, நல்ல தகரம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடிக்கொண்டே வெளியே நகர வேண்டும். வட்டம் நாம் நினைத்ததைவிடப் பெரிதாகத்தான் வரும்.

காதாலும் பார்க்கலாம். சுத்தியல் பிடியால் தட்டினால் நல்ல இடம் ணங்கென்றும், பட்டி, ஃபைபர், எம்-சீல் பூசி மெழுகிய இடம் பொத்தென்றும் கேட்கும். சந்தேகம் வந்தால் காந்தம் ஒட்டுகிறதா பாருங்கள்.

மே 11

குத்திப் பார்த்ததில் மேட்டைச் சுற்றி எதுவும் இறங்கவில்லை, கதவோர மூலையில் மட்டும் ஒரு கைப்பிடி அகலம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். அப்போது வேலை இரண்டாகப் பிரிகிறது: மேட்டை அமுக்குவது, மூலைக்கு ஒட்டுப் போடுவது. முழு பிளாட்பாரத்தையும் வெட்ட வேண்டியதில்லை.

அடியில் படுப்பதற்கு முன்னால் சில விஷயம். அம்பாசிடருக்குத் தனி சேசிஸ் கிடையாது. மெக்கானிக்குகள் சேசிஸ் என்று சொல்வது பிளாட்பாரத்தோடு சேர்த்து வெல்டு அடித்த பெட்டிச் சட்டங்களை. பாடியும் பிளாட்பாரமும் சட்டமும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. மூல வண்டியான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காலத்து அமைப்பு. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-ல் கடையை மூடும்வரை அதை மாற்றவில்லை. அதனால் ஸ்டாண்டை எப்போதும் பெட்டிச் சட்டத்துக்கோ பின் அச்சுக்கோ கொடுங்கள், தகரத்துக்குக் கொடுத்தால் இன்னொரு மேடு இலவசம்.

அம்பாசிடரில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. முன் சஸ்பென்ஷனுக்குக் காயில் ஸ்பிரிங் இல்லை, டார்ஷன் பார். முன் சக்கரத்திலிருந்து பின்னோக்கி நீளமாக வரும் எஃகுக் கம்பி, பிளாட்பாரத்துக்கு அடியில் குறுக்குச் சட்டத்தில் பூட்டியிருக்கும். முறுக்கிய நிலையில்தான் அது வண்டியின் முன்பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அந்தப் பூட்டுக்குப் பக்கத்தில் தகரம் நெளிந்திருந்தாலோ துருப்பிடித்திருந்தாலோ அது வீட்டு வேலை இல்லை, விட்டுவிடுங்கள். கம்பியின் மேல் வெல்டிங் பொறி விழக்கூடாது, கிரைண்டர் கீறக்கூடாது, சூடும் படக்கூடாது. முறுக்கில் இருக்கும் கம்பிக்கு ஒரு சின்னக் கீறல் போதும், விரிசல் அங்கேயிருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.

மே 12

ஹாலோ பிளாக் மேல் நிறுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. சுவருக்குள் பாரம் பரவலாக இறங்கும்போது தாங்குகிற கல் அது. ஓர் இடத்தில் இரும்பு முனை அழுத்தினால் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். வண்டி ஒரு டன்னுக்கு மேல். ஸ்டாண்டு வாங்கப் பணம் இல்லையென்றால் வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

மே 18

இதுதான் முக்கியமான பதிவு. காபியோடு படிக்கவும்.

தகரத்தில் நெளிசல் விழும்போது கெட்டுப்போவது அதன் நடுப்பகுதி இல்லை, ஓரத்தில் விழுந்த மடிப்பு. மடிந்த இடத்தில் தகரம் இறுகிவிடுகிறது. நடுவில் இருக்கும் தகரம் சும்மா பிடிபட்டு நிற்கிறது, மடிப்பை விடுவித்தால் அதுவே பாதி தூரம் திரும்பிப் போய்விடும். புதிதாகச் செய்பவர்களுக்குக் கை அரிப்பதோ நடு உச்சியில் அடிக்கத்தான். உச்சியில் ஓங்கி அடித்தால் தகரம் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே நசுங்கி மெலிந்து அகலும். அகன்ற தகரத்துக்குப் போக இடம் இல்லை, அதனால் இன்னும் உப்பும். பித்தளைக் குடத்தில் ஒடுக்கு எடுப்பவரைப் பார்த்திருப்பீர்கள், பள்ளத்தின் நடுவில் அவர் கை வைக்கவே மாட்டார், விளிம்பைச் சுற்றிச் சுற்றியே வருவார்.

ஆகவே அடிப்பதைவிட அமுக்குவது மேல். நான் என் வண்டியில் செய்த முறை இது.

பிளாட்பாரத்தில் ரப்பர் மூடி போட்ட துளை மேட்டுக்குள்ளேயோ ஒட்டியோ இருந்தால் அதிர்ஷ்டம். மூடியைக் கழற்றி, 12 மி.மீ. மரையோடிய கம்பியை, கடையில் 'திரெட் ராடு' என்றால் கொடுப்பார்கள், மேலிருந்து விடுங்கள். உள்பக்கம் மேட்டின் மேல் ஒரு மரக்கட்டை, அதன் மேல் பெரிய வாஷர், நட்டு. கட்டையின் அடிமுகத்தை ரம்பத்தால் வெட்டியபடியே வைக்காமல் ஓரங்களை உளியால் உருட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கட்டையின் ஓரமே புது மடிப்பைப் போடும். வண்டிக்கு அடியில், மேட்டின் இரண்டு பக்கமும் இருக்கும் பெட்டிச் சட்டங்களை எட்டுகிற மாதிரி கனமான மரச்சட்டம் ஒன்றைக் குறுக்கே கொடுத்து, கம்பி அதன் வழியாக வந்து கீழே இன்னொரு வாஷர், நட்டு. பிரேக் குழாயோ பெட்ரோல் குழாயோ மரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டியிருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம்.

இப்போது கீழ் நட்டை ஸ்பானரால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால், மரச்சட்டம் மேலே முட்டிக்கொண்டு, உள்கட்டை மேட்டைக் கீழே இழுக்கும். இறுக்கம் ஏறியதும் நிறுத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, மடிப்பு ஓடும் கோட்டின் மேல் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓங்க வேண்டாம், மணிக்கட்டு அசைந்தால் போதும். ஏதோ ஒரு தட்டில் 'டிக்'கென்று சத்தம் வரும், கம்பியில் இருந்த இறுக்கம் தானாகத் தளரும். அது மடிப்பு விட்ட சத்தம். மறுபடி ஸ்பானர், மறுபடி தட்டல். கடைசியாக உண்டான மடிப்பை முதலில் விடுவிக்க வேண்டும் என்பது டிங்கர்களின், அதாவது தகரம் தட்டிச் சரிசெய்பவர்களின், கணக்கு. ஆழமான நடு மேட்டை விட்டுவிட்டு, அதைச் சுற்றி அலையாக ஓடும் வெளிமடிப்பிலிருந்து உள்ளே வாருங்கள்.

மட்டத்துக்கு வந்ததும் நட்டை விட்டுப் பாருங்கள். கொஞ்சம் திரும்ப எழும்பும், அது இயல்பு. அடுத்த முறை மட்டத்தைக் கொஞ்சம் தாண்டி இழுத்து விடவும்.

மே 18, இரவு

மேலே எழுதியதில் ஒரு சேர்க்கை. பிளாட்பாரத்தில் நீளமாக ஓடும் பள்ள வரிகள் அழகுக்குப் போட்டவை அல்ல. மெல்லிய தகரத்துக்கு விறைப்பு கொடுப்பதே அந்த வரிகள்தான். மேட்டின் வழியாக வரி ஒன்று போகுமானால் உள்கட்டையை அந்த வரிக்குள் உட்காருகிற மாதிரி செதுக்கிக்கொள்ளுங்கள். வரியையும் சேர்த்துத் தட்டையாக்கிவிட்டால் மேடு போய்விடும், காலடி மட்டும் ஆயுசுக்கும் டொக் டொக்கென்று அடித்துக்கொண்டிருக்கும்.

மே 19

துளை இல்லாதவர்களுக்கு: புதுத் துளை போடுவதில் எனக்கு விருப்பம் இல்லை, ஆனாலும் அது குற்றமில்லை, பிறகு ரப்பர் மூடி போட்டால் போச்சு. வரியின் மேல் போடாதீர்கள். துளையே வேண்டாமென்றால் அடியில் ஒருவர் டோலி (அடிக்கு அணையாகப் பிடிக்கும் இரும்புக் கட்டை) பிடிக்க, மேலே இருந்து தட்டலாம். டோலியை அடிக்கு நேர் கீழே பிடித்தால் தகரம் அகலும். அடிக்குப் பக்கத்தில், பள்ளத்தில் பிடித்தால் தகரம் நகரும். நமக்கு வேண்டியது நகர்வதுதான்.

டோலி இல்லாதபோது டிங்கர்கள் தண்டவாளத் துண்டு வைத்திருப்பார்கள். எங்கே கிடைக்கும் என்று கேட்டவருக்கு: ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருந்தாலே உள்ளே போக 1966-லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. காய்லாங்கடையில் உடைந்த லாரி ஸ்பிரிங் பட்டையை வாங்கி ஓரம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

மே 20

பாட்டில் ஜாக்கியைக் காருக்குள்ளே நிறுத்தி, கூரைக்கு முட்டுக் கொடுத்து, மேட்டைக் கீழே தள்ளலாமா என்று ஒரு தம்பி கேட்கிறார். தள்ளலாம். பிளாட்பாரம் மட்டமாகும், கூரை கும்பகோணம் வெற்றிலைப்பெட்டி மூடி மாதிரி ஆகும்.

பள்ளம் கீழ்நோக்கி இருப்பவர்களுக்கு ஜாக்கி உதவும். கனமான பலகையை அணை கொடுத்து வெளியே இருந்து மேலே தள்ளினால் வண்டியின் பாரமே எதிர்ப்பைக் கொடுக்கும். ஆனால் சக்கரம் எழும்ப ஆரம்பித்தால் நிறுத்துங்கள்.

மே 26

மேடு இறங்கிவிட்டதாம், ஆனால் டொக் சத்தம் போகவில்லையாம். எதிர்பார்த்ததுதான். நெளிந்தபோதே தகரம் கொஞ்சம் அகன்றிருக்கும். அகன்ற தகரத்துக்கு உள்ளேயோ வெளியேயோ போய் நிற்கத்தான் தெரியும், நடுவில் நிற்கத் தெரியாது.

வழக்கமான வைத்தியம் சூடு போட்டுச் சுருக்குவது. அகன்ற இடத்தின் உச்சியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் கேஸ் டார்ச்சால் செக்கச் சிவக்கச் சூடாக்கி, உடனே டோலி வைத்துச் சுற்றிலும் தட்டி, ஈரச் சாக்கால் ஒற்றுவார்கள். சூடான புள்ளி விரியப் பார்க்கும், சுற்றியிருக்கும் குளிர்ந்த தகரம் விடாது, அதனால் அந்தப் புள்ளி கனத்துப் போய்விடும், ஆறும்போது தன் பக்கம் எல்லாவற்றையும் இழுக்கும். முழுதாக ஆறிய பிறகுதான் அடுத்த புள்ளி. பார்க்க எளிது. செய்யத் தெரியாதவர் கையில் தகரம் முழுக்க அலை அலையாகிவிடும். வீட்டில் கேஸ் செட் வைத்திருப்பவர் எத்தனை பேர்? அடியில் பெட்ரோல் குழாய் வேறு. இந்த ஒரு வேலைக்கு மட்டும் வண்டியைப் பழைய டிங்கர் யாரிடமாவது கொண்டுபோங்கள் என்பேன்.

மே 27

நேற்றுச் சொன்னதை இரவெல்லாம் யோசித்தேன். காலடிக்கு அவ்வளவு தேவையா? பானெட்டாக இருந்தால் சுருக்கியே ஆகவேண்டும், பளபளப்பில் அலை தெரியும். இது மேட்டிங்குக்கு அடியில் கிடக்கப்போகிற தகரம். வரிகள் சரியாக இருந்து, சுற்றியுள்ள வெல்டு பிரியாமல் இருந்தால், லேசான டொக் சத்தம் வண்டியின் பலத்தை ஒன்றும் செய்யாது. மேலே புதுத் தார்ப்பாய் ஒட்டினாலே பாதி அடங்கும். என் வண்டியின் டிரைவர் பக்கத்தில் இன்னும் ஒரு டொக் இருக்கிறது, கிளட்ச் மிதிக்கும்போது குதிகாலுக்குத் தெரியும். நான் அதை விட்டுவிட்டேன். கண்ணாடி மாதிரி ஆக்குகிறேன் என்று அடித்துக்கொண்டே போனால் அகல்வது கூடும், குறையாது.

வெல்டுப் புள்ளிகளை மட்டும் பாருங்கள். மேடு எழும்பியபோது பெட்டிச் சட்டத்தோடு ஒட்டிய ஸ்பாட் வெல்டு ஏதாவது பிய்ந்திருந்தால், தகரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே பிளேடு நுழையும். நுழைந்தால் அங்கே துளையிட்டு, துளையை நிரப்புகிற மாதிரி பிளக் வெல்டு அடிக்க வேண்டும், அதை மட்டும் விடக்கூடாது.

ஜூன் 3

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர் கோபித்துக்கொண்டார், அவர் வண்டிக்குத் தனி சேசிஸ் உண்டாம். உண்டுதான் சார், நான் எழுதியது அம்பாசிடருக்கு. ஹெரால்டில் சேசிஸ் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட்டு போட்டு இறக்கியிருப்பார்கள். நம்ம மெட்ராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனி கட்டிய வண்டி, மரியாதை உண்டு. உங்களுக்கு வசதியே அதிகம்: ஸ்டாண்டைச் சேசிஸுக்குக் கொடுத்துவிட்டுத் தகரத்தை நிம்மதியாகப் பார்க்கலாம். ஆனால் தகரத்தின் குணம் எந்த வண்டியிலும் ஒன்றுதான்.

பத்மினிக்காரர்களுக்கு: உங்களுக்கும் தனி சேசிஸ் இல்லை. முன்னால் காயில் ஸ்பிரிங் என்பதால் டார்ஷன் பார் பயம் மட்டும் இல்லை.

ஜூன் 9

கதவோர மூலைக்கு ஒட்டு. என் வண்டியிலும் இடது பக்கம் இதே மூலை பாக்கி இருந்தது, கேள்வி கேட்டவரைச் சாக்கிட்டு நானும் இறங்கிவிட்டேன்.

வெட்டுவதற்கு முன்னால் கதவுச் சந்து எவ்வளவு என்று மேலும் கீழும் அளந்து தூணிலேயே பென்சிலால் எழுதி வைத்தேன். வண்டியைத் தாங்குகிற தகரம் என்பதால், பெரிதாக வெட்டினால் பாடி தொய்யும், பிறகு கதவு பூட்டாது. கைப்பிடி அளவு ஒட்டுக்கு அந்தப் பயம் குறைவு, ஆனால் அளப்பதற்குக் காசா பணமா.

வெட்டும் துண்டின் மூலைகளைக் கூர்மையாக விடாமல் வளைவாக வெட்டினேன். கூர்மூலையில்தான் வெல்டு விரியும். முதலில் பழைய நோட்டு அட்டையில் மாதிரி வெட்டி, துளைக்குள் உட்காருகிறதா என்று பார்த்து, பிறகு தகரத்தில் வரைந்தேன். தகரம் சி.ஆர். ஷீட், பூச்சு இல்லாத சாதா எஃகுத் தகரம். ஜி.ஐ. (துத்தநாகம் பூசியது) வேண்டாம். துரு பிடிக்காதே என்று ஆசையாக இருக்கும், ஆனால் வெல்டு அடிக்கும்போது துத்தநாகம் புகையாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும்.

பழசுக்கு மேலே புதுத் தகரத்தை அப்படியே போட்டு ஒட்டுவதுதான் ஊர் வழக்கம். என் வண்டியில் வெட்டிப் பார்த்தால் தகரம், அதன் மேல் ஒரு தகரம், அதன் மேல் இன்னொன்று, நடுவில் மண். இரண்டு தகரத்துக்கு நடுவில் போகும் தண்ணீர் வெளியே வராது. கெட்டதை வெட்டி எடுத்துவிட்டு, நேருக்கு நேர் விளிம்பு சேர்த்து வையுங்கள். அந்த அளவு கைப்பழக்கம் இல்லையென்றால் அரை அங்குலம் மட்டும் மேலேற விட்டு, அடிப்பக்கச் சந்தை சீலன்ட்டால் அடைக்கலாம். பாவமில்லை.

வெல்டிங் சிஓ2 (கேஸ் விட்டு, கம்பி தானாக வந்து உருகும் மெஷின்), 0.8 மி.மீ. கம்பி. நான் வாடகைக்கு எடுத்தேன், பக்கத்துத் தெரு கிரில் பட்டறைப் பையன் வந்து அடித்தான். கேட் வெல்டு அடிக்கும் ஆர்க் மெஷினில் இந்தத் தகரம் நிற்காது, குச்சி தொட்ட இடமெல்லாம் ஓட்டை விழும். பையனுக்கு ஒரே கோட்டில் இழுத்துவிட வேண்டும் என்ற அவசரம். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு புள்ளி இந்த மூலை, அடுத்த புள்ளி எதிர்மூலை, கை வைத்தால் சூடு பொறுக்கும் வரை காத்திரு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "இப்படி வச்சா ஒரு நாளைக்கு ஒரு கேட்டு கூட முடியாதுண்ணே" என்றான். தொடர்ந்து இழுத்தால் சூட்டில் தகரம் திரும்ப நெளியும், நாம் அமுக்கிய மேடு வேறு ரூபத்தில் வந்து நிற்கும்.

பேட்டரியைக் கழற்றி இறக்கிவைக்க வேண்டும். பெட்ரோல் குழாய் அந்த வழியாகப் போனால் அதையும் கழற்றி இரண்டு முனையையும் அடைக்க வேண்டும். சீட்டு, ஃபெல்ட்டு எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. ஒருவர் வெல்டு அடித்தால் இன்னொருவர் தண்ணீர் வாளியோடு மறுபக்கம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தீ எப்போதும் நாம் பார்க்காத பக்கத்தில்தான் பிடிக்கும். எதிர்வீட்டு மாமி வாளியைப் பார்த்துவிட்டு வண்டியை எரிக்கப் போகிறோமா என்று கேட்டார், அதுவும் நியாயமான கேள்விதான்.

ஜூன் 10

எத்தனை கேஜ் என்று கேட்கிறார்கள். கேஜ் எண் ஏற ஏறத் தகரம் மெலியும், இது புரியாமல் 22 தான் கனம் என்று வாங்கி வருபவர்கள் உண்டு. 18 கேஜ் சுமார் 1.2 மி.மீ., 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7. ரப்பர் மூடித் துளையின் ஓரத்தில் நல்ல இடமாகப் பார்த்து காலிப்பரால் அளந்து, அதே கனத்தில் வாங்குங்கள். கனமாகப் போட்டால் பலம் என்று 16 கேஜ் போடுவதில் அர்த்தமில்லை, தடித்ததும் மெல்லியதும் சேரும் இடத்தில் மெல்லியது முதலில் உருகிவிடும்.

முழு ஷீட் வாங்க வேண்டாம். எட்டுக்கு நான்கு அடி, 1 மி.மீ. தகரம் ஏறக்குறைய 23 கிலோ வரும். வெட்டுத்துண்டு எடைக்குக் கிடைக்கும். சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் பழைய அம்பாசிடர் பிளாட்பாரமே வெட்டிக் கொடுக்கிறார்களே என்றவருக்கு: கொடுப்பார்கள், அந்த வண்டி எந்த வெள்ளத்தில் நின்றதோ யார் கண்டது? ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

ஜூன் 16

பெயின்ட். கம்பி பிரஷ்ஷால் தேய்த்த பிறகும் குழிகளுக்குள் துரு இருக்கும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி தடவினால் பழுப்பு கறுப்பாகும், அது ஆனதும் துடைத்து, காயவிட்டு, ரெட் ஆக்சைடு. தேய்க்கும்போது மாஸ்க் போடுங்கள், பழைய வண்டியின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம்.

ரெட் ஆக்சைடோடு நிறுத்துவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் அநியாயம். சிவப்பாக இருக்கிறது, பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பிரைமர் ஈரத்தை உள்ளே விடும். மேலே எனாமலோ எபாக்சியோ இரண்டு கை அடித்தால்தான் அதற்கு அர்த்தம். வெல்டு ஓடிய கோடு முழுக்க மேலேயும் கீழேயும் சீலன்ட். அதன் பிறகுதான் அடியில் அண்டர்கோட்டிங். துருவின் மேல் அண்டர்கோட்டிங் அடிப்பது துருவுக்குப் போர்வை போர்த்துகிற வேலை.

ஜூன் 17

வேஸ்ட் ஆயில் அடிப்பது பற்றி இத்தனை கேள்வியா! அந்தக் காலத்தில் எல்லாரும் அடித்தார்கள், துருவைத் தடுக்கவும் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் ஸ்பிரிங் கண் ரப்பர் புஷ்கள் அந்த ஆயிலில் ஊறி உப்பிப்போகும், பிரேக் டிரம் பக்கம் தெறித்தால் வேறு வம்பு, வாசலில் கோலம் போடுபவரிடம் வாங்கும் பேச்சு தனி. பெட்டிச் சட்டத்தின் உள்ளே மட்டும், வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு, மெழுகு கலந்த துருத்தடுப்பு ஸ்பிரே அடியுங்கள். தண்ணீர் வடியும் துளையை அடைத்துவிடாதீர்கள்.

ஜூன் 30

எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போனால் ஒட்டுப் போட்டதைக் குறை சொல்வார்களா என்று கேள்வி. 15 வருடம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டியிருப்பதால் இந்தப் பயம் நியாயம்தான். என் அனுபவத்தில் அடியில் குனிந்து பார்த்தவர் சீலன்ட் கோட்டை விரலால் தடவிவிட்டு விட்டார். சேசிஸ் நம்பர் பொறித்த இடத்தில் மட்டும் கிரைண்டரோ பெயின்ட்டோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம்பர் தெரியவில்லை என்றால் பிளாட்பாரம் தங்கத்தில் இருந்தாலும் வண்டி வீட்டுக்குத்தான் திரும்பும்.

ஜூலை 8

நேற்று மாலை மழையில் இடது காலடியில் மறுபடி ஈரம் என்று முதலில் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ஒட்டு ஒழுகவில்லை, பதறாதீர்கள். அடியிலிருந்து தண்ணீர் வர, வண்டி குளத்தில் நிற்க வேண்டும். மேலே பாருங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும், வெளியே ஒருவர் ஹோஸ் பைப்பை மெல்லிய ஓட்டமாகத் திறந்து, முதலில் கதவு ரப்பரில் கீழிருந்து மேலே, பிறகு முன் கண்ணாடி பீடிங்கில் (கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பரில்), அவசரப்படாமல் பிடிக்கட்டும். என் வண்டியில் கண்ணாடியின் கீழ்மூலை பீடிங் வெடித்து, தண்ணீர் டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கி, பக்கத் தகரம் வழியாகக் கதவோர மூலைக்கு வந்துகொண்டிருந்தது. அந்த மூலை அழுகியதற்கே அதுதான் காரணம்.

பீடிங் கிடைக்கும்வரை மேட்டிங் போடாமல் ஓட்டுங்கள். சத்தமாகத்தான் இருக்கும்.

ஜூலை 9

பீடிங்கை எம்-சீல் வைத்து அடைக்கலாமா என்று கேட்டவரே, வேண்டாம். அடுத்த முறை கண்ணாடியை எடுக்கும்போது உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பீடிங் வாங்கும்போது பழைய துண்டு ஒன்றைக் கத்தரித்துக் கையோடு கொண்டுபோய், வெட்டு முகத்தை வைத்துப் பார்த்து வாங்குங்கள். அம்பாசிடர் என்று வாயால் சொன்னால் போதாது. மார்க் எத்தனை என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடையில் வாங்காதீர்கள்.